நீ சொன்னதாக நான் சொன்னது

அன்புள்ள மச்சானுக்கு,

என் பீரோவைத் திறந்தால் இப்போதெல்லாம் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைகிற மாதிரி இருக்கிறது. புதுத்துணி வாசனை. ஜரிகையும் காகிதமும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து, பண்டிகைக்கு முந்தின நாள் கடைத்தெருவை நினைவுபடுத்துகிற வாசனை. உன் மகள் பவித்ராவின் ரிசப்ஷன் துணி என் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த வாடை துணியில் ஏறிவிடும் என்று வசந்தா என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். தினம் காலையில் சட்டை எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறேன். ராணி சமையல்கட்டிலிருந்தே கேட்கிறாள், "இன்னா, சட்டைய பீரோவுக்குள்ளயே போட்டுனு வரப் போறீங்களா?" என்று. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு என்னைக் கேள்வி கேட்பதுதான் வேலை என்பது உனக்குத் தெரியும்.

கல்யாணம் அடுத்த வாரம். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். உன் பெயரைச் சொல்லி ஒரு காரியம் செய்துவிட்டேன் மச்சான். ராணிக்குக் கூடத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது.

இன்றைக்குக் காலையில் அந்த வாசனையோடு நிற்கும்போது நம் தோல் டேனரியின் பினிஷிங் ஷெட் கண்ணுக்குள் வந்தது. சாயம் அடித்த தோல்களைக் கொக்கியில் மாட்டி, தலைக்கு மேலே சங்கிலியில் ஓட விடுவார்களே, காய்வதற்கு. பழுப்பு, கறுப்பு, செங்கல் நிறம், ஒட்டகத்தின் நிறம் என்று ஒன்றன் பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து போகும். நீ பேக்கிங்கிலிருந்து டீ குடிக்க வருகிறவன் பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்ப்பாய். "கல்யாண ஊர்வலம் மாதிரி போவுது பாரு மச்சான்" என்பாய். மாப்பிள்ளை எங்கே என்று நான் கேட்பேன். பின்னால் வருவான் என்பாய். சங்கிலி சுற்றி மறுபடி அதே தோல் வரும். நாம் டீயை ஆற விட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் ஷேடு பார்க்கிறவன். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் என் கண்ணுக்கு ஈடு கிடையாது. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டை இடது கையில் பிடித்து, நம் தோலை வலது கையில் பிடித்து, வடக்கு வாசலில் போய் நிற்பேன். வெயில் நேராக விழக்கூடாது, வெளிச்சம் மட்டும் வரவேண்டும். ட்யூப் லைட்டில் பார்த்தால் நிறம் பொய் சொல்லும், பகல் வெளிச்சம் பொய் சொல்லாது. இதுதான் என் தொழிலில் வேதம். அறுபது வகைப் பழுப்பை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு ஜெர்மனிக்காரர் வந்து, என் கண்ணைப் பார்த்துவிட்டு, தன்னுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, இது இனிமேல் எனக்கு எதற்கு என்று கேட்டாரே. அன்றைக்கு நீயும்தான் இருந்தாய்.

இருந்தாய், ஆனால் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாய். "போன மாசம் சொன்னப்ப அந்தாளு கைதான குடுத்தாரு. இப்ப கண்ணாடிய குடுத்துட்டாரு. அடுத்த மாசம் பொண்ண குடுப்பாரா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கதைகளுக்கு அளவுகோல் பிடிக்கிறவன் நீ ஒருவன்தான். உன்னிடம் ஜாஸ்தி சொன்னால் நீயே கம்மி பண்ணிக்கொள்வாய், அதனால் எனக்கும் தைரியமாக ஜாஸ்தி சொல்ல முடிந்தது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் என் தங்கச்சி வசந்தாவைக் கொடுத்தேன். கலவைப் பக்கத்தில் நம் ஊர்க் கோயிலில் தாலி கட்டினாய். ஒரே புடவை, ஒரே வேளைச் சாப்பாடு. ரிசப்ஷன் என்கிற வார்த்தையே நம் வீட்டுப் பக்கம் அப்போது வந்திருக்கவில்லை. மூன்று வேன் நிறைய ஜனம் வந்தது என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்தது ஒரு வேன். அதிலும் பின் சீட்டில் வாழைத்தார்தான் உட்கார்ந்து வந்தது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் நான்கே நாள். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

பவித்ராவுக்கு மாப்பிள்ளை குடியாத்தம். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான், நான் பேசினால் கேட்டுக்கொள்கிறான். முகூர்த்தப் புடவையை அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் எடுத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆம்பூர் மண்டபத்தில் ரிசப்ஷன். அந்த இரண்டாவது துணி பெண் வீட்டுப் பொறுப்பு. தகப்பன் இல்லாத வீட்டில் தாய்மாமன் பொறுப்பு. அதாவது நான்.

ஆனால் பவித்ரா முதல் நாளே சொல்லிவிட்டாள், அம்மா கடைக்கு வரவேண்டும் என்று. வசந்தா முடியாது என்றாள்.

"நான் எதுக்குடி? மாமா இருக்காரு, அத்தை இருக்காங்க. நல்லபடியா போய் எடுத்துனு வாங்க."

"முகூர்த்தப் புடவைக்கு நீ வரலன்னே, சரின்னு உட்டேன். இது ரிசப்ஷன் துணிம்மா. இதுக்கு ஐயரு இல்ல, மஞ்சள் இல்ல, மந்திரம் இல்ல. இதுல இன்னா உனக்கு?"

"கல்யாணத் துணின்னா கல்யாணத் துணிதான்."

"அப்ப எனக்கு ரெண்டாவது துணியே வேணாம். காலேஜ் ஃபேர்வெல்லுக்குக் கட்டினு போன புடவையோட மேடையில நிக்கிறேன். யாராவது கேட்டா எங்கம்மா கூட வரலன்னு சொல்றேன்."

"சொல்லு. மைக்குல சொல்லு."

பிடிவாதத்தில் பாதி எங்கள் வீட்டுது, பாதி உன்னுடையது. இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணிடம் முழுசாக நிற்கிறது.

வசந்தாவை யாரும் வராதே என்று சொல்லவில்லை மச்சான். உன்னுடைய அக்கா பேத்திக்குக் காது குத்தினபோது ஒன்று நடந்தது. வசந்தா எழுந்து தாம்பாளத்தைக் கையில் எடுத்தாள். எடுத்துப் பழக்கம், எடுத்துவிட்டாள். வந்திருந்த ஒரு அம்மா, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், சிரித்த முகமாக, "நீ குடும்மா" என்று அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். வசந்தா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நல்ல காரியம் எதிலும் அவள் எதையும் தொடுவதில்லை. பெற்ற மகளின் துணியையும் தொட மாட்டாளாம். தான் தொட்டால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பவித்ராவுக்கோ, அம்மா தொடாத துணியை உடுத்தி மேடையேறினால் அது தன் கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது.

நடுவில் நான் குதித்தேன். "ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க. நான் எடுக்கிறேன். என் கண்ணு எடுத்த துணிய எவனாவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்" என்றேன். என் முகத்துக்காகப் பவித்ரா கிளம்பி வந்தாள்.

வேலூரில் பெரிய கடை. நான்கு மாடி. உள்ளே நுழைந்ததும் எனக்கு எங்கோ தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் துணி தொங்குகிறது, ஏசி காற்றில் லேசாக ஆடுகிறது, பெண்கள் பேசுவது தூரத்திலிருந்து வருகிறது. ராணியும் பவித்ராவும் லெஹங்கா மாடிக்குப் போனார்கள். பவித்ரா ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. எது காட்டினாலும் "ம்" என்றாள். கடைக்காரப் பையன் இருபது விரித்திருப்பான். அதில் ஒன்று இளம் ஊதா. எனக்கு அங்கேயே நெஞ்சில் ஒரு மணி அடித்தது. ஆனால் மேலே எரிவது ட்யூப் லைட். என் தொழில் என்னை விடுமா?

அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தேன்.

"சார், சார், துணிய வெளிய எடுத்துனு போவக் கூடாது சார்."

"வெளிய போவலப்பா. வெளிச்சத்துக்குப் போறேன்."

"வெளிச்சம் இங்கயே இருக்குது சார்."

"இது வெளிச்சம் இல்ல. இது கரன்ட்டு."

கீழே வாசலில் செக்யூரிட்டி, பின்னால் கடைக்காரப் பையன், அவன் பின்னால் ராணி. நான் நடைபாதையில் வடக்குப் பார்த்து நின்று, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். போக்குவரத்தே நின்றுவிட்டது. சரி, உன்னிடம் சொல்கிறேன், ஐந்தாறு பேர். ஒரு ஆட்டோ நின்றது. ஆனால் அந்த நிறத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விடிகிறதுக்கு முன்னால் ஏலகிரி மலை ஒரு நிமிஷம் அப்படி இருக்கும். ஆட்டோக்காரர் கூட, "நல்லா கீது சார், பொண்ணுக்கா?" என்று கேட்டார். "மருமவளுக்கு" என்றேன். வாங்கிவிட்டோம்.

பஸ்ஸில் திரும்பி வந்து, அப்படியே மண்டபத்துக்குப் போனோம். மேடை அலங்காரம் செய்கிறவர் வரச் சொல்லியிருந்தார். மத்தியானம் நான்கு மணி இருக்கும். அவர் மேடை விளக்குகளைப் போட்டுக் காட்டினார். எல்லாம் மஞ்சள் விளக்கு, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ராணி சும்மா இருக்காமல், "துப்பட்டாவ மேல போட்டுனு நில்லு பாப்பா, பார்க்கலாம்" என்றாள். பவித்ரா பெட்டியைத் திறந்து தோளில் போட்டுக்கொண்டு மேடை நடுவில் போய் நின்றாள்.

ஊதாவைக் காணோம் மச்சான். சாம்பல். குரோம் மருந்தில் ஊற வைத்து டிரம்மிலிருந்து வெளியே இழுத்து, ஈரத்தோடு அடுக்கி வைப்பார்களே சாயம் ஏறாத தோல், அந்த நிறம். அறுபது பழுப்பைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், ராத்திரியில் விளக்குப் போட்டு நடக்கிற ஒரு விசேஷத்துக்குப் பட்டப்பகலில் நடுரோட்டில் நின்று நிறம் பார்த்திருக்கிறேன்.

பவித்ரா தன் தோளைத் தானே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, என்ன கண்டெய்னர்ல ஏத்தி எக்ஸ்போர்ட் பண்ணப் போறீங்களா?" என்றாள். சிரித்தாள். ராணி சிரித்தாள், அலங்காரக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். பவித்ரா மட்டும் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே மேடையில் உட்கார்ந்தாள், துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டாள், அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"அப்பா இருந்தா அம்மா வந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உன்னை எனக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். வசந்தா கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். போகும் வழியில் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு எப்போதுமே வாயைத் திறந்த பிறகுதான் வரும்.

"வசந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பவே சொல்லியிருக்கணும். எனக்குத்தான் வாய் வரல."

"உனக்கு வாய் வரல" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில. பாப்பாவுக்குக் கல்யாணம்னு வந்தா ரிசப்ஷன் துணிய வசந்தாதான் எடுக்கணும், நீ போய் கெடுத்து வைக்காத மச்சான்னு சொன்னான்."

நீ அப்படி எதுவும் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் தெரியும். கெடுத்து வைக்காதே என்பதை எதற்குச் சேர்த்தேன் என்றால், நீ சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

வசந்தாவின் கை நின்றது. "எப்ப சொன்னாரு?"

"மூணாவது நாளு. சாயங்காலம். நீ காபி வாங்கப் போயிருந்த."

"நான் எங்க காபி வாங்கப் போனேன்? நாலு நாளும் நீதான் போன."

"நான் வாங்கினு வந்ததுக்கு அப்புறம். நீ வெளிய டாக்டருகிட்ட பேசினு இருந்த."

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் பொய்களுக்குள்ளேயே வளர்ந்தவள். எந்தப் பொய்க்கு எந்தப் பக்கம் கண் போகும் என்று அவளுக்குத் தெரியும். நான் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு பாடு நான் பட்டதே கிடையாது. அவள் இன்னும் இரண்டு மொச்சை உரித்தாள்.

"டாக்டருகிட்ட பேசினு இருந்தேன்" என்றாள். "ஆமா."

முறத்திலிருந்து தோலைப் பொறுக்கிக்கொண்டே, "இன்னா கலரு எடுத்த?" என்று கேட்டாள்.

"லேசான ஊதா."

"மேடை லைட்டுக்குச் செத்துப் போயிருக்குமே." துணியைப் பார்க்காமலேயே சொன்னாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்றேன். எட்டு மணி பஸ்ஸுக்குப் போலாம். பவிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அழும்."

மறுநாள் நான்கு பேரும் போனோம். துணியை மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்ததும் படிக்கட்டுப் பக்கம் போய் மறித்துக்கொண்டு நின்றான். வசந்தா ஒன்றையும் தொடவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தாடையால் காட்டினாள். "அத எடுக்கச் சொல்லு. அதுக்குப் பக்கத்துல இருக்கறத." பவித்ரா ஒவ்வொன்றாக மேலே வைத்துக் காட்டினாள். நடுவில் அம்மாவின் கை இருக்கிற இடத்தையும் பார்த்துக்கொண்டாள். வந்துவிட்டாள், சரி, ஆனால் தொடவில்லையே. அந்தப் பெண்ணின் முகத்தில் அது எழுதியிருந்தது.

நான் சற்றுத் தள்ளி, பெண்டாட்டிகளுக்காகக் காத்திருக்கிற ஆண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது, பக்கத்தில் என் கைக்குட்டையைப் போட்டு ஒரு ஆள் இடம் பிடித்து வைத்தேன். ஒருவர் வந்து, "யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார். "வருவாரு" என்றேன். அவர் நின்றுகொண்டார். எதிரே மூன்று பக்கமும் கண்ணாடி. பவித்ரா அதன் முன்னால் நின்றால் பத்துப் பவித்ரா தெரிகிறார்கள், பின்னால் பத்து வசந்தா, இன்னும் உள்ளே உள்ளே போகப் போகச் சின்னதாகி, பச்சையாகி, மங்கிவிடுகிறார்கள். அந்தக் கடைசிக் கண்ணாடிக்குள் நீயும் நிற்பாய் என்று எனக்குத் தோன்றியது. பேக்கிங்கிலிருந்து டீ குடிக்க வந்தவன் பாதி வழியில் நிற்கிற மாதிரி. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஏசி குளிரில் கண் மூடியும் போயிற்று போல. திறந்தபோது கடைப்பெண் ஒரு பச்சை லெஹங்காவை விரித்திருந்தாள். கல் பதித்தது. ஜொலித்தது. ராணி உட்பட எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

வசந்தா கிட்டே போனாள். ஏதோ அவள் கண்ணில் பட்டுவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, ஷூ கம்பெனியில் செக்கிங்கில் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கிறவள். ஷூவின் மேல்பாகம் தைத்து வந்தால் அதன் அழகைப் பார்க்க மாட்டாள், திருப்பி உள்பக்கம் பார்ப்பாள். அந்தக் கை முந்தானையிலிருந்து வெளியே வந்தது. யாரையும் கேட்கவில்லை. இடுப்புப் பட்டியைப் பிடித்தது, ஒரே திருப்பில் உள்பக்கம் வெளியே வந்தது, கட்டைவிரல் தையல் மேலேயே ஓடியது.

"இத யாரும்மா தச்சது?" என்றாள் கடைப்பெண்ணிடம். "உள்ள பாரு, கல்லு பதிச்ச நூலெல்லாம் அப்படியே நிக்குது. லைனிங்கு இடுப்பு வரைக்கும் வரல. மூணு மணி நேரம் மேடையில நின்னா எம் பொண்ணுக்கு இடுப்பு தோலு உரிஞ்சிடும்."

"மேடம், நீங்க பொட்டிக் வச்சிருக்கீங்களா?"

"ஷூ கம்பெனிம்மா. அந்த செவப்ப எடு. இல்ல, நீ எடுக்காத, நான் எடுத்துக்கறேன்."

அப்புறம் யாராலும் அவளை நிறுத்த முடியவில்லை. இருக்கிற லெஹங்காவை எல்லாம் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். மேஜை முழுக்கத் தையலும் நூலும் லைனிங்குமாகக் கிடந்தது. பவித்ரா கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வசந்தா ஒன்றை அவள் இடுப்பில் வைத்து, "கைய தூக்கு. குனி. ஒரு படி ஏறி எறங்கு" என்றாள். பவித்ரா கையைத் தூக்கினாள், குனிந்தாள், ஏறினாள், இறங்கினாள். சின்ன வயதில் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுப் பார்த்த மாதிரி.

மாதுளம் முத்தின் நிறம். மேடை விளக்கை அந்த நிறம் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். ஆனாலும் என் கால் சும்மா இருக்கவில்லை, எழுந்து படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன்.

"அண்ணா" என்றாள் வசந்தா, திரும்பாமலேயே. "ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன் சீட்டில் பவித்ரா ராணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா தாண்டியதும் வெயில் சாய்ந்து, மலைகளெல்லாம் எடுத்து வைத்துவிட்டு மறந்துபோன சாமான்கள் மாதிரி அங்கங்கே நின்றன. பாலாற்றில் தண்ணீர் இல்லை, வெளிச்சம்தான் ஓடியது. வசந்தா பெட்டியின் மூலையை விரலால் தடவிக்கொண்டே, "அவரு சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதலில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, பயமாக இருந்தது. மாதனூர் வரும்போது இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வரும்போது உன் குரல் மாதிரியே இருந்தது என்றால் நீ நம்ப மாட்டாய். இது நான் சேர்த்துச் சொல்வது இல்லை.

முந்தாநாள் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், வசந்தாவும் இருந்தாள். மண்டபத்தில் யார் யாருக்கு எந்த ரூம் என்று பேச வந்தவர்கள், துணியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ராணி பீரோவைத் திறந்து கொண்டுவந்து விரித்தாள். அந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க. யாரு எடுத்தது?" என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வசந்தா பேசினாள்.

"நான்தாங்க எடுத்தேன். நான் எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவரு சொல்லிட்டுப் போய்ட்டாரு. ஆஸ்பத்திரியில என் கைய இப்படிப் புடிச்சினு, நீதான் எடுக்கணும், உன் கண்ணுக்குதான் தெரியும்னு சொன்னாரு. நான் அழுதேன். அழாதன்னாரு. அண்ணன் பக்கத்துலதான் இருந்தாரு." என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா?"

நான் அவளைப் பார்த்தேன். கண் எந்தப் பக்கமும் போகவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். "பக்கத்துலதான் இருந்தேன். சாயங்கால நேரம்."

அந்த அம்மா துணியை மடித்து வைத்தார்கள். பிறகு வசந்தாவின் கையைப் பிடித்து, "ரிசப்ஷன் அன்னிக்குப் பொண்ண மேடைக்கு நீங்களே கூட்டினு வந்து விடணும். நானும் வாசல்ல வந்து நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வசந்தாவுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு நாள் தெரியும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே தெரிந்துதான், டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு ஒரு கை கொடுத்தாள் என்று தோன்றுகிறது. இன்னொரு நாள், தெரியாது, நான் கொடுத்த துணுக்கைப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு நாளையும் மறுபடி போய்ப் பார்த்து, அங்கே நீ அவள் கையைப் பிடித்துப் பேசினதை நிஜமாகவே கேட்டுவிட்டாள் என்று தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் இனி அது அவளுடையது. பவித்ராவும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்று. நாளைக்கு அவள் பிள்ளைகளும் சொல்லும். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, இதை நான் திரும்ப வாங்க முடியாது மச்சான்.

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது நாள் சாயங்காலம்தான் அது, அந்த ஒன்று மட்டும் நிஜம். வசந்தா வெளியே இருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உனக்குத் தெம்பு வரட்டும் என்று அந்த ஜெர்மனிக்காரர் கதையை மறுபடி எடுத்தேன். நீ பாதியில் கையை அசைத்தாய். "ஃபேன கம்மி பண்ணு மச்சான், குளுருது" என்றாய். நான் எழுந்து போய்க் கம்மி பண்ணினேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாய். அப்புறம் பேசவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. அந்த ஐந்து வார்த்தையில் ஒன்றைச் சேர்க்கவும் எனக்குத் தோன்றவில்லை, ஒன்றை எடுக்கவும் தோன்றவில்லை. சில சாயங்காலங்களில் ராணி கோயிலுக்குப் போனபிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். எழுந்து போய் ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்துகொள்வேன்.